எத்தனை பேர் என்று நான் எழுதவில்லை

‘எங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.’ பத்து வயதில் ஆங்கிலத்தில் நான் எழுதிய இந்த ஒரு வாக்கியத்துக்காக ஆறு நாள் பெஞ்சின் மேல் நின்றிருக்கிறேன். அதில் பிழை இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நாற்பது வருஷம் ஒரு தினசரியில் துணையாசிரியராக உட்கார்ந்து மற்றவர்களின் வாக்கியங்களை வெட்டியும் ஒட்டியும் சம்பளம் வாங்கியவள் சொல்கிறேன்.

நம் வயதுக்காரர்கள் எழுதும் இளமைக்கால நினைவுகளை நான் விடாமல் படிக்கிறேன். எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிடுகிறீர்கள். பிரம்பால் அடித்த வாத்தியார் தங்கமான மனிதர். படிப்பை நிறுத்திய அப்பா அன்று ராத்திரி தனியாக அழுதார். இருக்கலாம். எனக்கு அது கைவரவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லப் பார்க்கிறேன்.

பட்டணத்துக்கு ரேஷன் வந்த வருஷம். ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்புக் காகிதம் ஓரங்களில் உரியத் தொடங்கியிருந்தது. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கடற்கரையில் வெட்டிய பள்ளங்களில் பாதி மணல் சரிந்துவிட்டது. பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடின. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பாவாடையிலும் தலைமுடியிலும் அந்தக் கரி வாசனைதான் அடிக்கும். அரிசி விலை பற்றிப் பேசாத வீடு இல்லை. பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு அங்கிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோய்விட்டது.

நாங்கள் இருந்தது மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். முன்கட்டில் வீட்டுக்கார மாமி. பின்கட்டில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் எங்களுக்கு. அப்பா, அம்மா இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம். சைவம் என்பதால் அந்த இடம் வாடகைக்குக் கிடைத்தது. பாரிமுனையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அப்பாவுக்குக் குமாஸ்தா வேலை. என் அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பத்து, தம்பிக்கு நான்கு.

அக்கா அதற்கு முந்திய வருஷம் வந்தாள். பெரியப்பாவின் மகள். பெரியப்பா ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். ஊர் காலியானபோது கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லி, மனைவியையும் மகளையும் தெரிந்தவர்கள் கூட்டத்தோடு நடக்க அனுப்பினார். பெரியம்மா வழியில் காய்ச்சலில் போய்விட்டாள். பெரியப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கல்கத்தாவிலிருந்து வந்த ரயிலில் யாரோ ஒரு புண்ணியவான் அக்காவை ஏற்றிக் கொண்டுவந்து, அப்பாவின் விலாசத்தைக் கேட்டு அலைந்து, எங்கள் சந்தின் முனையில் விட்டுவிட்டுப் போனார். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. கையில் ஒரு துணிமூட்டை. அதில் ஒரு சிவப்பு அரக்குக் கிண்ணம், ஒரு லுங்கி, ரங்கூன் பள்ளிக்கூடத்தின் ஆங்கிலப் பாடப்புத்தகம் ஒன்று. உள்ளங்கால் தோல் காய்ந்த மாட்டுத்தோல்போல் இருந்தது. தம்பி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். அவள் காலை இழுத்துக்கொள்ள மாட்டாள்.

“பர்மாலேர்ந்து அரிசி வரது நின்னுடுத்து. ஆள் வரது மட்டும் நிக்கல” என்றாள் வீட்டுக்கார மாமி, கிணற்றடியில், அக்கா காதில் விழும்படி.

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “வந்தவ உங்க வீட்டு உலையிலயா கை வச்சா, மாமி?”

இரண்டு நாள் மாமி எங்களுக்குக் கிணற்றுக் கயிறு தரவில்லை.

அந்த வாரம்தான் என்று நினைக்கிறேன். அப்பாவின் அலுவலக நண்பர் ஒருவர் சாப்பிட வந்திருந்தார். இலையில் கை வைத்தபடி அப்பா குடும்ப நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார். “நமக்கு மூணு. அதோட அண்ணன் பொண்ணு ஒண்ணு வந்து சேந்திருக்கு.” அக்கா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையிலிருந்து வேகமாக வந்தாள்.

“புள்ளைகள எண்ணாதீங்க” என்றாள்.

“என்னளா?”

“எண்ணப்பிடாது. கண்ணு படும். எங்க ஊருல எண்ண மாட்டாக.”

நண்பர் சிரித்தார். அப்பா வெட்கப்பட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. குழந்தைகளை எண்ணக் கூடாது. எத்தனை தட்டு என்று கேட்கக் கூடாது. எல்லாத் தட்டையும் எடு என்றுதான் சொல்ல வேண்டும். தைப்பதற்குத் துணி எடுத்தால் கடைக்காரர் “எத்தினி பசங்களுக்கும்மா?” என்பார். அம்மா பதில் சொல்லாமல் கையை விரித்து இவ்வளவு துணி என்று காட்டுவாள். “படிச்ச ஊர்ல வந்து இப்படி ஒரு பட்டிக்காட்டுத்தனம்” என்று அப்பா முனகுவார். எனக்கும் அது வெட்கமாகத்தான் இருந்தது.

நான் படித்தது சாந்தோம் பக்கம் இருந்த பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில். ஆங்கிலம் எடுத்த மிஸ், தலைமுறை தலைமுறையாகச் சாந்தோமில் இருந்த கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். பாடத்தை நன்றாகவே நடத்துவார். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

அந்தப் பருவத்தில் அவர் எடுத்துக்கொண்டது, ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் எவ்வளவு, எத்தனை என்று சொல்லும் வார்த்தைகளை. சம், எனி, மெனி, மச், எ ஃபியூ. எங்கே போட வேண்டும், எங்கே போடாமல் விடலாம். “இங்கிலீஷ்காரன் ஒரு சாமான் பேரைச் சொன்னா முன்னாலேயே எவ்வளவுன்னு சொல்லிடுவான். நம்ம மாதிரி ‘அரிசி இருக்கா, இருக்கு’ன்னு மொட்டையா நிக்க மாட்டான்” என்பார். நாங்கள் போடாமல் விட்ட இடத்தில் சிவப்பு மையில் ஒரு சின்னக் கட்டம் வரைவார். மறுநாள் அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மைத்தூள் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துச் செய்த மை அது. காய்ந்த பிறகு நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும்.

தமிழில் எழுதிப்போட்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வார். “நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்கள்” என்று ஒரு நாள் எழுதிப்போட்டார். என் பக்கத்துப் பெண் எழுந்து ‘ஃபோர் பர்சன்ஸ்’ என்று தொடங்கினாள்.

“யாரும்மா அந்த நாலு பேர்? பேர் தெரியுமா?”

“தெரியாது மிஸ்.”

“அப்புறம் எதுக்கு எண்ணினே?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தமிழில் நாம் எண்ணைச் சொல்லியும் எண்ணாமல் இருக்கலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ரெண்டு வார்த்தை பேசணும் என்றால் யாரும் இரண்டோடு நிறுத்துவதில்லை.

‘என் குடும்பம்’ என்ற கட்டுரை அதற்கு அடுத்த வாரம் வந்தது. என் வீடு, கிணறு, முருங்கை மரம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதினேன். சிவப்புக் கட்டம் வந்தது. கட்டத்துக்கு மேல் ‘ஹௌ மெனி?’ என்று ஒரு கேள்வி.

நான் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கண் திருஷ்டிக்குப் பயந்த வீடு என்று வகுப்பு முழுவதும் தெரிந்துவிடும். எண்ணைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவை மீறியதாகிவிடும். அது தவிர, எந்த எண்ணைச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. அப்பா கணக்கில் மூன்று. சாயங்காலம் தாயம் ஆட உட்கார்ந்தால் நான்கு.

“ஹௌ மெனி?” என்றார் மிஸ், மறுநாள், நோட்டை நீட்டி.

“குழந்தைங்க, மிஸ்.”

“அதான் எத்தனைன்னு கேக்கறேன்.”

“குழந்தைங்க இருக்காங்க, மிஸ்.”

“பெஞ்சு மேல ஏறு.”

ஆறு நாள். தினமும் வகுப்பு தொடங்கும்போது அதே கேள்வி, அதே பதில், அதே பெஞ்சு. மேலே நின்றால் ஜன்னல் வழியாகக் கடல் ஒரு கோடாகத் தெரியும். மூன்றாவது நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் பெயரே ஹௌமெனி ஆகிவிட்டது. “ஏய் ஹௌமெனி, உங்க ஊட்ல எத்தினி சட்டி, எத்தினி பானை?” என்று வெளிவாசலில் கத்துவார்கள். ஏழாவது நாள் மிஸ் என்னைப் பெஞ்சில் ஏற்றாமல் அப்பாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். பெண்ணுக்குப் பிடிவாதம் என்றும் அடிப்படைக் கணக்குத் தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். அப்பா அதை இரண்டு முறை படித்தார். “உன்னால பாரு” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சுளகில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கெட்டவர் இல்லை என்று நீங்கள் எழுதச் சொல்வீர்கள். ஒரு சம்பளம், அரிசி கிடைக்காத காலம், அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்ற கவலை. எல்லாம் உண்மை. பூந்தமல்லிப் பக்கம் இருந்த பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றுக்கு அக்காவை அனுப்ப அவர் விண்ணப்பம் எழுதியதும் உண்மை. அவர் எழுதும் ஆங்கிலக் கடிதங்களை நல்ல காகிதத்தில் படியெடுப்பது என் வேலை. கையெழுத்து எனக்கு நன்றாக இருக்கும். அந்தக் கடிதத்தையும் நான்தான் படியெடுத்தேன். அக்கா மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தம்பிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். ரங்கூனில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தலைகீழாகவே படித்துவிட்டாள்.

“அந்த வார்த்தையில மூணு டி வரும்” என்றாள். “நீ ரெண்டுதான் போட்டிருக்க.”

டெஸ்டிட்யூட். நாதியற்றவள் என்பதற்கான ஆங்கிலச் சொல் அது. நான் திருத்தினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் சீப்பிலிருந்த முடியை உருட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இடம் இருக்கிறது, அடுத்த மாதம் முதல் தேதி கொண்டுவந்து விடலாம் என்று பதில் வந்தது. அதற்குள் ரேஷன் கணக்கெடுப்பு வந்துவிட்டது. வீடு வீடாக வந்து ஆள்களை எழுதுவார்கள், எழுதியவர்களுக்கு மட்டும்தான் அட்டை, அட்டையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அரிசி. அப்பாவின் திட்டம் சுலபமானது. அக்கா பெயர் அட்டையில் வராது. வராவிட்டால் முதல் தேதிக்குப் பிறகு அவளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் வாதாட முடியாது. அம்மா உட்பட.

கணக்கெடுக்கும் வேலைக்குப் பள்ளிக்கூட ஆசிரியர்களைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதனால் எங்களுக்கு விடுமுறை. அப்பா காலையில் ட்ராமுக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு நான்காக மடித்த ஒரு சீட்டைக் கையில் வைத்தார். “யாராச்சும் டீச்சர் வந்தா இதக் குடு. வேற ஒண்ணும் பேசாத.” அவர் தெருமுனை திரும்பியதும் பிரித்துப் பார்த்தேன். பெரியவர்கள் இரண்டு, குழந்தைகள் மூன்று என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று அவள் என்னைக் கேட்கவும் இல்லை.

பத்தரை மணிக்கு வந்தவர் எங்கள் மிஸ். கறுப்புக் குடை, தோளில் துணிப்பை, கையில் படிவக் கட்டு. கூட ஒரு பியூன், கைநாட்டுக்கு மையும் உட்கார ஸ்டூலும் சுமந்துகொண்டு. முன்கட்டில் மாமி வீட்டுக் கணக்கை முடித்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்தார்கள். மிஸ் என்னைப் பார்த்து நின்றார்.

“ஓ. இது உன் வீடா?”

“ஆமா மிஸ்.”

“வாங்க டீச்சர், உக்காருங்க” என்றாள் அம்மா. மோர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா பெயர், வேலை, வாடகை வீடா என்பது வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று.

“பெரியவங்க எத்தனை பேர்?”

“நானும் அவுகளும்.”

“ரெண்டு. பிள்ளைங்க?”

“இருக்காக.”

மிஸ் பென்சிலை நிறுத்தினார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஆறு நாள் பெஞ்சு எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

“எத்தனைன்னு சொல்லுங்கம்மா.”

“எண்ணப்பிடாது டீச்சர்.”

“இது ரேஷன் கணக்கும்மா. எண்ணலைன்னா அரிசி கிடையாது.”

பியூனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “இன்னாமா இது, பசங்கள எண்றதுக்கு இன்னா பயம்? எங்க ஊட்ல எட்டு கீது. எங்கம்மா எண்ணி எண்ணித்தான் சோறே போடும்.”

“உங்க வீட்டுல எண்ணிக்கிடுங்க தம்பி” என்றாள் அம்மா.

“சார் ஏதாவது எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரா?” என்றார் மிஸ். “நிறைய வீட்டுல எழுதித்தான் வெச்சிருக்காங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “கையில என்ன?”

“சீட்டு, மிஸ்.”

“குடு.”

“குடுக்க மாட்டேன்.”

அவர் வகுப்பில் பேசும் குரலுக்கு வந்தார். “என்ன எழுதியிருக்கு அதுல?”

“பெரியவங்க. குழந்தைங்க.”

“எத்தனைன்னு?”

“தப்பா எழுதியிருக்கு, மிஸ்.”

அது என் முதல் திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களின் வாக்கியங்களை அப்படிச் சொல்லி நிறுத்தியிருக்கிறேன்.

அம்மா என்னையும் சீட்டையும் பார்த்தாள். “சீட்டு எதுக்கு டீச்சர்? புள்ளைகள நிறுத்துதேன். நீங்களே பாத்துக்கிடுங்க. நீங்க எண்ணினா அது உங்க வேலை. நான்தான் எண்ணப்பிடாது” என்றாள்.

அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அக்கா வரவில்லை. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அம்மா போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சோப்பு நுரை முழங்கை வரைக்கும். எங்களைச் சுவரோரமாக உயர வரிசையில் நிறுத்தினாள். அப்படி நிறுத்தினால் அக்காதான் முதலில் வருவாள்.

மிஸ் பென்சில் முனையால் ஒவ்வொரு தலையாகத் தொடாமல் தொட்டு எண்ணினார். அக்காவிடம் பென்சில் நின்றது.

“இது பர்மா பொண்ணாச்சே” என்றான் பியூன். “முன்னாடி அந்தம்மா சொன்னாங்களே.”

“வந்து தங்கியிருக்கிறவங்களுக்கு வேற ஃபாரம் இருக்கு” என்றார் மிஸ். “உனக்கு இது யார் வீடும்மா?”

“சித்தப்பா வீடு” என்றாள் அக்கா. குரலில் ஒரு குழைவும் இல்லை. நீங்கள் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி என்று நின்றாள்.

“மக” என்றாள் அம்மா.

“உங்க மகளா?”

“அவுக அண்ணன் மக. அண்ணன் மக மகதான டீச்சர்? உங்க வீட்டுல வேற என்ன சொல்லுவீக?”

மிஸ் பென்சிலால் கன்னத்தில் ஒருமுறை தட்டிக்கொண்டார். பிறகு பெயர்களைக் கேட்டுக்கேட்டு எழுதினார். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். எனக்கு என்ன சொல்லோ, அதே சொல்தான் அக்காவுக்கும். மகள்.

இரக்கத்தால் செய்தாரா என்று தெரியாது. சந்தில் இன்னும் பல வீடு பாக்கி இருந்தது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வேறு படிவம் எடுத்து எழுதச் சோம்பலாகவும் இருந்திருக்கலாம். ஆதாரம் இல்லாமல் ஒருவருக்கு நல்ல மனசை வழங்குவது என் தொழிலில் பழக்கமில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அவர் என்னை ஹௌ மெனி கேட்கவில்லை. அந்தக் கட்டுரைக்குப் போட்ட மதிப்பெண்ணை மாற்றவும் இல்லை.

ஒரு விஷயத்தை நான் கவனிக்கப் பல வருஷம் ஆயிற்று. விபத்துச் செய்தி கொண்டுவரும் நிருபரிடம், பலர் என்றால் எத்தனை பேர், எண் எங்கே என்று தினமும் கத்துபவளாக ஆகிவிட்டிருந்தேன். அப்படி ஒரு நாள் கத்திவிட்டு உட்கார்ந்தபோது, கச்சேரி ரோட்டில் ட்ராம் தண்டவாளத்தைத் தாண்டுவது திடீரென்று கண்ணில் தெரிந்தது. மூன்று பேரையும் முந்தானைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தாண்டி முடித்ததும் அம்மா தலைகளைத் தொட்டுச் சத்தமாக எண்ணுவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. தம்பி கைக்குழந்தை. அக்கா ரங்கூனில் இருந்தாள். அதாவது, எண்ணக் கூடாது என்ற வழக்கம் அம்மாவின் ஊரில் இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் இருக்கவில்லை. மூணும் ஒண்ணும் என்று அப்பா சொன்ன அந்த மத்தியானத்தில்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமி, மிஸ், அப்பா, நான், எல்லோரும் அதை மூடநம்பிக்கை என்று எடுத்துக்கொண்டோம். அம்மா அப்படியே எடுத்துக்கொள்ள விட்டாள். படிக்காதவள் என்ற பெயர் அவளுக்கு அந்த ஒரு காரியத்துக்காவது உதவட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. கேட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியபோது கேட்க அவள் இல்லை.

அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். அப்பா ஆறு மணிக்கு வந்தார். மிஸ் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போன அடிச்சீட்டைப் பார்த்தார்.

“யாரு சொன்னா நாலுன்னு?”

“நான் எண்ணலையே” என்றாள் அம்மா.

“சீட்டு எங்கட்டி?” என்றார் என்னிடம். கொடுத்தேன். நான்கு மடிப்பும் வியர்வையில் நைந்திருந்தது. அவர் என்னை அறைந்தார். இடது காது. அம்மா எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

“பொய்க் கணக்கு குடுத்தா கவர்மெண்ட்ல சும்மா விடுவானா? நாளைக்கே எழுதிக் குடுத்து மாத்தணும். எடு பேனாவ.”

நான் பேனாவை எடுக்கவில்லை. காது ரீங்கரித்துக்கொண்டிருந்தது. எடு என்று மறுபடியும் சொன்னார். மாட்டேன் என்றேன். அவர் இரண்டாவது முறை கையை ஓங்கியபோது அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

“நான் எழுதுறேன் சித்தப்பா. என் கையெழுத்தும் நல்லாத்தான் இருக்கும்.”

மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். காகிதத்தை நேராக வைத்தாள். கட்டைப் பேனாவை மைக்கூட்டில் தொட்டு, விளிம்பில் வழித்துவிட்டு, “சொல்லுங்க” என்றாள்.

அப்பா நின்றுகொண்டே சொன்னார். ஐயா என்று தொடங்கினார். இன்ன தெருவில் இன்ன வீட்டில் இன்று எடுத்த கணக்கில் பிழை நேர்ந்திருக்கிறது என்று சொன்னார். அவள் எழுதினாள். நிப் காகிதத்தில் கீறும் சத்தம் மட்டும் கேட்டது. என் வீட்டில் உள்ள குழந்தைகள் என்று சொன்னார். ஆங்கிலத்தில் குழந்தைகளுக்கு முன்னால் எண் வர வேண்டும். அக்கா என் வீட்டில் என்பது வரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“எத்தனை, சித்தப்பா?”

அப்பா அடிச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க சொன்னாத்தான எழுத முடியும். எத்தனைன்னு போட?”

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவிலிருந்து ஒரு சொட்டு விழுந்து காகிதத்தில் பரவியது. அவள் பேனாவை மறுபடி மையில் தொட்டுத் தயாராக வைத்துக்கொண்டாள். தம்பி வந்து அவள் மடியில் ஏறப் பார்த்தான். “எழுதிக்கிட்டிருக்கேன்ல, இரு” என்று அவனை ஒரு கையால் தள்ளினாள்.

அப்பா கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோயில் குளக்கரை வரை போயிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் அக்கா பேனாவைத் துடைத்து வைத்துவிட்டாள். அந்தக் காகிதம் சில நாள் மேசையிலேயே கிடந்தது. யாரும் அதை முடிக்கவில்லை.

முதல் தேதி வந்தது, போயிற்று. விடுதியிலிருந்து ஒரு நினைவூட்டுக் கடிதம் வந்தது. அப்பா அதைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். பதில் எழுதச் சொல்லி என்னிடம் வரவில்லை. அவரும் அக்காவும் சமாதானம் ஆனார்கள் என்று எழுத எனக்கு ஆசையில்லை. அதற்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது குறைவு. ஆனால் சாப்பிடும்போது அவள் தட்டு எங்கள் தட்டுகளோடு இருந்தது.

அட்டை வந்தபின் முதல் முறை அரிசி வாங்க அக்காவும் நானும் போனோம். கடைவாசலிலிருந்து சந்து வளைவு வரைக்கும் வரிசை. ஈரச் சாக்கும் புழுங்கல் அரிசியின் புளித்த வாடையும். முன்னால் நின்ற ஒரு கிழவர் ஆள் குறைவு என்று அட்டையை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. கடைக்காரர் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். மாமி அங்கேயும் வந்து பேசிவிட்டுப் போயிருக்கலாம்.

“இன்னா பொண்ணு, உங்க ஊட்ல எத்தினி பேரு?”

அக்கா அட்டையை அவர் முன்னால், எழுத்து அவர் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள்.

“அதுல எழுதியிருக்கு. படிச்சுப் பாத்து அளங்க” என்றாள்.